நசுக்காமல் பிடிப்பது எப்படி? உயிர்க்கலத்தைத் தொடும் நுண்கவ்விகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொவிட் காலத்தில் உலகம் முழுக்கச் சுற்றிய வதந்திகளில் ஒன்று நம் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. பிசிஆர் சோதனைக்கு மூக்கில் விடும் குச்சியின் நுனியில் நட்சத்திர வடிவில் நுண் ரொபோக்கள் இருக்கின்றனவாம், உடம்புக்குள் போனதும் அவை கவ்விக்கொள்ளுமாம். ஆதாரம் என்று ஒரு படமும் கூடவே வந்தது. படம் உண்மையானதுதான். அதற்கு மேல் கட்டிய கதைதான் பொய்.

பொய் ஒரு பக்கம் கிடக்கட்டும். அன்றிலிருந்து 'நுண் ரொபோ' என்றாலே சிலருக்குப் பயம், சிலருக்கு அளவு கடந்த நம்பிக்கை. இரத்தத்துக்குள் நீந்திப் போய்ப் புற்றுநோயைத் தேடிப் பிடித்துப் பிடுங்கிவிடும் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு உயர்தர மாணவர்களே வந்து கேட்கிறார்கள். பயப்படுகிறவர்களும் நம்புகிறவர்களும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள்: இரண்டு வேறு வேறு கருவிகளை ஒன்றாக்கிப் பார்க்கிறார்கள்.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

அந்தப் படத்தில் இருந்தது அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரேசியஸ் குழுவினர் செய்த நுண்கவ்வி. தூசுத் துணிக்கை அளவு. மெல்லிய உலோகப் படலத்தால் ஆன ஆறு கைகள், அவற்றை விரித்தபடியே வைத்திருக்க ஒருவகை மெழுகு. உடற்சூட்டில் மெழுகு இளகும். படலத்துக்குள் ஏற்கெனவே தேங்கியிருந்த இறுக்கம் கைகளை மடக்கிவிடும். பற்றரி இல்லை, மோட்டார் இல்லை, வானொலி அலை இல்லை, கணினியும் இல்லை. 2020இல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வில், எலிகளின் குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஒரு வலிநிவாரணியைச் சிறிது சிறிதாக வெளியிட இதைப் பயன்படுத்தினார்கள்.

இந்த வடிவத்துக்கு அவர்கள் பாடம் படித்தது கொக்கிப்புழுவிடம். நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தோட்டங்களை இரத்தசோகையில் தள்ளிய அதே புழுதான். 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கையில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியபோது முதலில் கால்வைத்தது தோட்டங்களில்தான். குடல் எவ்வளவு அசைந்தாலும் அந்தப் புழு கழன்று போகாது. அந்தப் பிடியைத்தான் மருந்து கொடுக்கத் திருப்பியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கவ்விக்குத் தான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று தெரியாது. சூடு பட்டால் மடங்கும், அவ்வளவுதான். இதை ரொபோ என்று அழைப்பதே என் கணக்கில் கொஞ்சம் தாராளம்.

இரண்டாவது கருவி வேறு. ஆய்வுகூட மேசையில், நுணுக்குக்காட்டியின் கீழ், வயர் இணைத்து வைத்திருக்கும் சிலிக்கன் கவ்வி அது. எங்கும் நீந்தாது, உடம்புக்குள்ளும் போகாது. ஆனால் ஒற்றை உயிர்க்கலத்தைப் பிடித்துக்கொண்டு, 'இவ்வளவு விசையில் பிடித்திருக்கிறேன்' என்று எண்ணாகச் சொல்லும். இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

சுருக்கமாக: உடம்புக்குள் போகும் அந்த நட்சத்திரக் கவ்விக்குத் தொடு உணர்வு இல்லை. தொடு உணர்வு உள்ள சிலிக்கன் கவ்வி உடம்புக்குள் போவதில்லை.

விரலுக்குத் தெரிகிற சங்கதி

கொழுந்து எடுக்கும் ஒருவரின் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கண் அடுத்த வாதுக்குப் போயிருக்கும், விரல் இங்கே ஒடித்துக்கொண்டிருக்கும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டு சிக்கியதுமே அது இளசா முத்தலா என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இளந்தண்டு டக்கென்று ஒடியும். முத்தினது வளையும், நார் இழுக்கும். விரல் உடனே அதை விட்டு ஒரு கணு மேலே ஏறும். ஒடித்ததை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. இறுக்கினால் இலை நசுங்கிச் சூடேறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்ச் சேருமுன்பே சிவந்துவிடும். அப்புறம் கணக்கப்பிள்ளையின் வாயை மூட முடியாது.

கத்தரி வைத்து வெட்டும்போது இந்த அறிவு எதுவும் இல்லை. அந்த உயரத்தில் இளசும் முத்தலும் எது இருந்தாலும் பைக்குள் விழும்.

கையில் நடப்பதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வேலைகள். பிடிப்பது ஒன்று. பிடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பு எவ்வளவு என்று அறிவது இரண்டு. அறிந்ததை வைத்துப் பிடியை மாற்றுவது மூன்று. மூன்றாவதற்குப் பின்னூட்டம் என்று பெயர்: செயலின் விளைவை அளந்து, அந்த அளவால் செயலையே திருத்துவது. விசையுணர் நுண்கவ்வி என்பது இந்த மூன்று வேலைகளையும் ஒரு நகத்தைவிடச் சிறிய சிலிக்கன் சில்லில் செய்ய முயல்வது.

எவ்வளவு சின்னது, எவ்வளவு மெல்லியது

ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மைக்கிரோமீற்றர். தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்கிரோமீற்றர். செங்குழியம் 7 அல்லது 8. நம் உடம்பின் பல கலங்கள் 10 முதல் 20 வரை. மனித முட்டைக் கலம் பெரிய ஆள், நூறைத் தாண்டும்.

இனி விசை. கையில் 100 கிராம் எடையை வைத்தால் அது கீழ்நோக்கி அழுத்துவது ஏறக்குறைய 1 நியூட்டன். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிநியூட்டன், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்கிரோநியூட்டன், நூறு கோடியில் ஒரு பங்கு நானோநியூட்டன். தனிக் கலத்தைப் பிடிக்கும்போது பேச்சு பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டிலும்தான்.

2008இல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் யூ சன் குழுவினர் வெளியிட்ட கவ்வி, பிடிக்கும் விசையில் சுமார் 20 நானோநியூட்டன் வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறிந்தது. அவர்கள் பிடித்துக் காட்டியது பன்றியின் இதய வால்விலிருந்து எடுத்த கலங்களை. 20 நானோநியூட்டன் என்றால் எவ்வளவு? மேசை உப்பின் ஒரு பரல் சுமார் 60 மைக்கிரோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரலின் எடையில் முப்பதில் ஒரு பங்கு.

இந்த விசையை எந்தக் கையாலும் உணர முடியாது. 'ரொபோ மனிதக் கையைப் போலவே செய்கிறது' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கை உணரவே முடியாத இடத்தில் வேலை செய்வதற்காகத்தான் இந்தக் கருவியே.

சிலிக்கன் எப்படி அசைகிறது

கணினிச் சில்லு செய்யும் அதே முறையில்தான் கவ்வியும் உருவாகிறது. சிலிக்கன் தட்டின் மேல் ஒளியால் வடிவத்தைப் பதித்து, வேண்டாத பகுதியை வாயுவால் அரித்து எடுப்பார்கள். திருகாணி, மூட்டு, பிணைச்சல் எதுவும் கிடையாது. மெல்லிய சிலிக்கன் விட்டங்கள் வளைவதுதான் அசைவு. இந்த வழியில் வந்த ஆரம்பகாலக் கவ்வி ஒன்றைக் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வாளர்கள் 1992இலேயே வெளியிட்டார்கள்.

கைகளை மூடித் திறக்கும் பகுதிக்கு இயக்கி என்று பெயர். இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. ஒன்றில், எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. மற்றதில், மெல்லிய விட்டத்தில் மின்னோட்டம் பாய்ந்து சூடாக்க, விட்டம் விரிகிறது. சிலிக்கன் விரிவது மிகக் கொஞ்சம். 1 மில்லிமீற்றர் நீள விட்டத்தை 100 பாகை சூடாக்கினால் கால் மைக்கிரோமீற்றர் அளவுதான் நீளும். அதனால் விட்டத்தை மிகத் தட்டையான ஆப்பு வடிவில் இரு முனையும் கட்டி வைப்பார்கள். நீள வழியில்லாமல் நடுப்பகுதி முன்னே தள்ளும், அந்தத் தள்ளல் பல மடங்கு பெரிது.

இங்கே ஒரு சிக்கல். கலம் உயிரோடு இருப்பது உப்பும் சத்தும் கலந்த நீரில். அந்த நீர் மின்னைக் கடத்தும். மின் இயக்கி அதில் நனைந்தால் வேலை கெட்டுவிடும். சூட்டு இயக்கியில் உள்ளே பல நூறு பாகை வரை போகலாம். அது கலத்தை எட்டினால் கலம் செத்துவிடும். ஆகவே நீண்ட கைகளைச் செய்து, நுனியை மட்டும் நீரில் தோய்த்து, இயக்கியை வெளியே காற்றில் வைக்கிறார்கள். கவ்விப் படங்களில் கைகள் கொக்கின் அலகுபோல நீண்டிருப்பது அழகுக்காக இல்லை.

விசையை அளப்பது எப்படி

விசையை நேரே யாரும் பார்ப்பதில்லை. விசையால் எதையாவது வளையவிட்டு, அந்த வளைவைத்தான் அளக்கிறோம். உயர்தர பௌதிகவியலில் படிக்கும் ஊக்கின் விதியே இதற்குப் போதும்: வில்லின் விறைப்பைத் தெரிந்துகொண்டு, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், இரண்டையும் பெருக்க விசை கிடைக்கும்.

கவ்வியின் ஒரு கை தள்ளும், மற்றக் கை மெல்லிய வில்லில் தொங்கிக்கொண்டு உணரும். கலம் நடுவில் அகப்பட்டதும் உணரும் கை சற்றே பின்னுக்குத் தள்ளப்படும். அந்த வில்லின் விறைப்பு மீற்றருக்கு 10 நியூட்டன் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நானோநியூட்டன் விசைக்கு அது நகர்வது 2 நானோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. சிலிக்கன் பளிங்கில் அணுக்கள் திரும்பத் திரும்ப அமையும் அலகின் நீளம் 0.54 நானோமீற்றர். நகர்வு அதில் நான்கு அலகுகூட இல்லை! எந்த ஒளி நுணுக்குக்காட்டியிலும் இதை வெறுமனே பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் மின்னால் சொல்லலாம். இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வைத்தால் அவை மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும். எவ்வளவு தேக்கும் என்பதே கொள்ளளவம். தகடுகள் நெருங்கினால் கொள்ளளவம் கூடும், விலகினால் குறையும். உணரும் கையின் அடியில் சீப்பின் பற்கள்போல நிறைய நுண்தகடுகள். எதிரே அசையாத சட்டத்திலும் அதேபோல் பற்கள், ஒன்றின் இடைவெளியில் மற்றது. கை ஒரு துளி நகர்ந்தாலும் எல்லா இடைவெளிகளும் ஒரே நேரத்தில் மாறும். ஒரு சோடிப் பல் தரும் மாற்றம் மிக அற்பம். பல சோடிகள் சேர்ந்து தருவதை மின்சுற்று பிடித்துவிடும். 2007இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, கவ்வியும் இந்த வகை உணரியும் ஒரே சில்லில் அமைந்த கருவியை வெளியிட்டது. மேலே சொன்ன டொரொண்டோ கவ்வியிலும் கொள்ளளவ உணரிகள்தான், அதுவும் இரண்டு. ஒன்று பிடியின் இறுக்கத்தை அளக்கும். மற்றது கீழே இறங்கும்போது கண்ணாடித் தட்டில் நுனி முட்டியதுமே சொல்லும். அந்த இரண்டாவது இல்லாவிட்டால், கலத்தைத் தொடும் முன்பே கையை முறித்துக்கொள்வதுதான் நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. சிலிக்கனை வளைத்தால் அதன் மின்தடை மாறும். 1954இல் சார்ள்ஸ் ஸ்மித் இதை அளந்து வெளியிட்டார். வளையும் இடத்தில் அத்தகைய தடையைப் பதித்து, தடையின் சிறு மாற்றத்தையும் காட்டும் உவீத்தன் பாலம் என்ற மின்சுற்றில் இணைத்தால் விசை மின்னழுத்தமாக வெளியே வரும். செய்வது எளிது, ஆனால் சூடு மாறினால் தடையும் மாறும். பக்கத்திலேயே சூட்டு இயக்கி இருக்கும் கவ்வியில் இது பெரிய தலைவலி.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: இயக்கி தள்ளுகிறது, கலம் எதிர்க்கிறது, உணரும் கை சில நானோமீற்றர் நகர்கிறது, கொள்ளளவம் மாறுகிறது, கணினி அதை விசையாக்கிப் படித்து இயக்கிக்கு 'போதும்' அல்லது 'இன்னும் கொஞ்சம்' என்கிறது. ஒவ்வொரு வினாடியிலும் இந்தச் சுற்று பலமுறை ஓடும்.

பிடித்ததை விடுவதுதான் பாடு

புதிதாகப் படிக்கிறவர்களை மிகவும் ஆச்சரியப்படுத்துவது இந்தப் பகுதிதான். பிடித்த பொருள் கீழே விழாது.

ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு நூறில் ஒன்றாகும், கனவளவும் எடையும் ஆயிரத்தில் ஒன்றாகும். சுருங்கச் சுருங்க எடை வேகமாகத் தேய்கிறது, ஒட்டும் விசைகள் மெதுவாகத்தான் தேய்கின்றன. மழையில் நனைந்த கொழுந்து விரலை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்வதை யோசியுங்கள். முழுக் கிளை அப்படி ஒட்டாது, துண்டு இலை ஒட்டும். 15 மைக்கிரோமீற்றர் கலத்தின் எடையைக் கணக்கிட்டால் சுமார் 0.02 நானோநியூட்டன் வரும். 20 நானோநியூட்டனில் பிடிப்பதே அதன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு. ஒட்டுவிசை நானோநியூட்டன் கணக்கில் இருக்கும்போது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இந்த அளவில் ஒட்ட வைப்பவை மூன்று: மேற்பரப்பில் தேங்கிய நிலைமின், மெல்லிய நீர்ப்படலத்தின் மேற்பரப்பிழுவிசை, மூலக்கூறுகளுக்கு இடையில் எப்போதும் இருக்கும் வந்தர் வால்சு கவர்ச்சி. 1995இல் பேர்க்லியின் ரொனால்ட் ஃபியரிங் இந்தத் தொல்லைகளை ஒரே கட்டுரையில் தொகுத்து எழுதினார். பொருள் முழுக்க நீரில் மூழ்கியிருந்தால் நீர்ப்படலத் தொல்லை போய்விடும், ஆனால் கலத்தின் புறப்படலமே பசை மாதிரி ஒட்டும் குணமுள்ளது.

கவ்வியை அதிரவைப்பது, நுனியில் ஒட்டாத பூச்சுப் பூசுவது, தொடும் பரப்பைக் குறைக்கச் சொரசொரப்பாக்குவது என்று பல உபாயங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது 2009இல் டொரொண்டோ குழு செய்தது. இரண்டு கைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு மெல்லிய தண்டை வைத்து, கைகள் திறந்த கணத்தில் அதனால் பொருளை எத்திவிட்டார்கள். 10 மைக்கிரோமீற்றர் அளவான கண்ணாடி மணிகளை அப்படிக் குறித்த இடத்தில் விட்டுக் காட்டினார்கள். உயிர்க்கலத்தை அப்படி எத்தலாமா என்பது வேறு கேள்வி.

கலத்தை அமுக்கிப் பார்த்து என்ன பயன்

கலம் எவ்வளவு விறைப்பு என்பது அதன் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லும். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியம் விறைத்துப் போகிறது, நுண்குழாய்களில் வளைந்து நுழைய முடிவதில்லை. புற்றுநோயில் நேர்மாறு. 2007இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த கலங்களை அளந்தபோது, பரவும் புற்றுக்கலங்கள் சாதாரணக் கலங்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. அவர்கள் அளந்தது கவ்வியால் இல்லை, அணுவிசை நுணுக்குக்காட்டியின் ஊசியால். ஊசி ஒரு புள்ளியில் குத்திப் பார்க்கும். கவ்வி இரு பக்கமும் பிடித்து அமுக்கிப் பார்க்கும், பிடித்த கலத்தை வேறிடத்துக்கு எடுத்தும் வைக்கும். இந்த இரண்டாவது வேலைதான் அதன் தனிச்சிறப்பு.

கண்ணுக்குள் ஒரு கதை

இதே எண்ணம் மருத்துவமனைக்கு மிக அருகில் வந்திருக்கும் இடம் விழித்திரைச் சத்திரசிகிச்சை. கருவி இங்கே கொஞ்சம் பெரிது, விசையும் மில்லிநியூட்டன் கணக்கு. விழித்திரை மேல் படிந்த மெல்லிய சவ்வை வைத்தியர் நுண்சாமணத்தால் உரிக்கிறார். கொஞ்சம் கூடினால் விழித்திரையே கிழியும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவி விழித்திரையைத் தொட்ட தருணங்களில் நான்கில் மூன்று பங்கு 7.5 மில்லிநியூட்டனுக்குக் குறைவான விசையில் நடந்திருந்தது. அந்த அளவு விசையில் நடந்த தொடுதல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான் சத்திரசிகிச்சை நிபுணரின் கை உணர்ந்தது. மீதி முழுக்கக் கண்பார்வையின் துணையில் ஓடுகிறது.

உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கைப்பிடியில் வைத்தால், கருவி கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுழையும் துளையில் ஏற்படும் உராய்வு எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழுவினர் மிக மெல்லிய கண்ணாடி ஒளியிழைகளைக் கருவித் தண்டில், கண்ணுக்குள் போகும் பகுதியிலேயே ஒட்டினார்கள். இழைக்குள் பதித்த நுண்கோடுகள் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும்; தண்டு வளைந்து இழை நீளும்போது அந்த நிறம் இம்மியளவு மாறும். அதை வைத்து 0.25 மில்லிநியூட்டன் வரை பிரித்தறிந்தார்கள். மின்சாரமே உள்ளே போவதில்லை என்பதால் கண்ணுக்கு இது பொருத்தம்.

எப்போது நம் ஆஸ்பத்திரிக்கு வரும்

பெரிய கருவிகளில் தொடு உணர்வு வரத் தொடங்கிவிட்டது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5 சத்திரசிகிச்சை ரொபோவில், திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை வைத்தியரின் கைக்குத் திருப்பிச் சொல்லும் வசதி உண்டு. கலத்தைப் பிடிக்கும் சிலிக்கன் கவ்வி அந்த இடத்தில் இல்லை. நுனி நொறுங்கும் தன்மையுள்ளது. துப்பரவாக்கும்போது ஒட்டுகிறது, முறிகிறது. ஒரு கலத்தைப் பிடித்து இடம் மாற்றவே நேரம் எடுக்கும், ஆய்வுகூடத்துக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும்.

குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டைக் கலத்தைப் பிடிக்க இன்றைக்கும் கையாள்வது நுனி மெலிந்த கண்ணாடிக் குழாய். மெதுவாக உறிஞ்சிப் பிடிப்பார்கள், மெதுவாக ஊதி விடுவார்கள். 1992 முதல் உலகமெங்கும் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை இந்தக் குழாயோடுதான் நடக்கிறது. எத்தனை நானோநியூட்டனில் பிடித்திருக்கிறது என்று அது சொல்லாது. ஆனால் மலிவு, ஒருமுறை பயன்படுத்தி எறியலாம், விடுவதில் ஒட்டல் தகராறும் குறைவு. நுண்கவ்வியைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவர நினைக்கும் பொறியியலாளர் முதலில் போட்டி போட வேண்டியது இந்தக் கண்ணாடிக் குழாயோடுதான்.